மனுநீதிச் சோழன் நாடகமும் கயிற்றை விடாத மாடும்

திருவாரூர் டீச்சர்:
ஏழாம் வகுப்பு, மனுநீதிச் சோழன். கதை எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ராஜா வேஷத்தை லீடர் பையன் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டான். அவன் கூட்டாளி மந்திரி. இரண்டு பொடியன்கள் தேர்ச்சக்கரம். வாயே திறக்காத பெண்ணுக்கு மாடு. ஜன்னல் கம்பியில் கட்டிய துப்பட்டாதான் மணிக்கயிறு.

அவள் இழுத்தாள். ராஜா வந்தான். மாடு பேசாது, மந்திரிதான் விவரம் சொல்ல வேண்டும். அவனுக்கோ வசனம் மறந்துவிட்டது. அவள் கயிற்றை விடவில்லை. "ஏய், போதும் விடுடி" என்று ராஜா கிசுகிசுத்தான். இன்னும் ஓங்கி இழுத்தாள். சக்கரமாகக் கிடந்த பொடியன்களும் எழுந்துவந்து கூடச் சேர்ந்து இழுத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை! வகுப்பே கைதட்டியது. ராஜா என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள், அந்த முகம்! அடுத்த நாடக வகுப்பில் அவனைச் சேர்த்துக்கொள்ள எந்தக் குழுவும் தயாராக இல்லை.

மன்னார்குடி சார்:
இதில் வருத்தப்பட என்ன டீச்சர்? அவனுக்கு வேண்டியதுதான். எங்கள் பள்ளியிலும் ஒரு ராஜா உண்டு, கலைத் திருவிழாவுக்கு வருஷாவருஷம் அவன்தான். பரிசு வர வேண்டுமே. ஆனால் போட்டிக்குப் பழக்குவது வேறு, வகுப்பு நாடகம் வேறு. வேஷத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். குழுவுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், மிச்சப் பேர் மரமாக நிற்பார்கள். பிரேசிலின் அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய மன்ற அரங்கு முறையையும் பாருங்கள். பார்க்கிறவரே "நிறுத்து" என்று சொல்லி, உள்ளே வந்து அந்தப் பாத்திரத்தை வேறு மாதிரி நடித்துக் காட்டலாம். உங்கள் சக்கரப் பொடியன்கள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். நடித்து முடித்ததும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள், முதலில் லீடர் பேசக் கூடாது. அப்புறம்...

பாபநாசம்:
சார், சீட்டு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்குப் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். ஆண்களே பெண் வேஷம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் எங்கள் வகுப்பில். ஆனாலும் அரிச்சந்திரன் நாடகத்துக்குப் போட்ட சீட்டில் ஒருவனுக்கு அவன் மனைவி சந்திரமதி வேஷம் விழுந்தது. மயானக் காட்சியில் அந்தப் பையன் அழுததில் முன்வரிசை அழுதது. பள்ளி முடிக்கும் வரை அவனுக்கு அதுவே பெயர், அப்புறம் அவன் நடிக்கவே இல்லை. சீட்டு பாட்டுக்கு விழுந்துவிடும், கேலியைத் தாங்குகிறவன் அவன்தானே?

மயிலாடுதுறை:
நானும் ஒரு காலத்தில் சக்கரம்தான், முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். அதை விடுங்கள். டீச்சர், அந்த ராஜா இப்போது எந்தக் குழுவில்?

திருவாரூர் டீச்சர்:
எதிலும் இல்லை. பெஞ்சைத் தட்டிச் சத்தம் கொடுக்கிறேன் என்று பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். நன்றாகவும் தட்டுகிறான். நடிக்கக் கூப்பிட்டால் மட்டும் வயிற்றுவலி.