இருகளப் பயிற்சி: கல்லூரியும் தொழிலகமும் சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரியும் தொழிலகமும் சேர்ந்து நடத்தும் பயிற்சிக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஒரு தமிழ்ச் சொல் கேட்டதற்கு இத்தனை மடல்கள் வந்திருப்பது மகிழ்ச்சி. இரட்டைப் பயிற்சி, இணைப்பயிற்சி, தொழில்துறைக் கூட்டாண்மைப் பயிற்சி, உள்ளிருப்புப் பயிற்சி, கூட்டுறவுக் கல்வி, இடைச்செருகல் படிப்பு என்று வரிசையாக வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். நான் டர்னர் (உலோகக் கடைசல்) பிரிவில் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால், பட்டறைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பிடித்துக்கொள்வோம். மடலுக்கு மடல் அது மாறிக்கொண்டே போகிறது. ஒருவர் ஒருநாள் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதை மனதில் வைத்துப் பேசுகிறார். இன்னொருவர் கடைசிப் பருவத்தில் சில மாதம் ஒரு நிறுவனத்தில் இருந்து சான்றிதழ் வாங்கி வருவதைச் சொல்கிறார். வேறொருவர் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, படம் எடுத்து, சுவரில் மாட்டுவதையும் இதற்குள் சேர்த்துவிட்டார். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் 'தொழில்துறைத் தொடர்பு' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, அது போதும். நமக்கு வேண்டியது, கல்லூரியும் தொழிலகமும் ஒரே பாடத்திட்டத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே மாணவரை உருவாக்குகிற ஏற்பாட்டுக்கு ஒரு பெயர்.

அந்த ஏற்பாடு என்ன செய்கிறது என்பதை ஒரு துளையை வைத்துச் சொல்கிறேன். கல்லூரிப் பட்டறையில் ஒரு மாணவர் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், 25 மில்லிமீட்டர் துளையைக் கடைந்து முடிக்கிறார். வரைபடத்தில் '25 எச்7' என்று போட்டிருக்கிறது. அதாவது துளை 25.000 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, 25.021 மி.மீ.க்கு மேல் போகவும் கூடாது. அனுமதித்த இடம் மொத்தமே 21 மைக்ரான். அவர் கையில் இருப்பது வெர்னியர். அதன் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். அனுமதித்த இடம் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கருவியின் ஒரே ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அளந்துவிட்டு "சரியா இருக்கு சார்" என்பார். மதிப்பெண்ணும் விழுந்துவிடும்.

அதே மாணவர் தொழிலகத்துக்குப் போகிறார். அங்கே அந்தத் துளையை பிளக் கேஜ் வைத்துப் பார்க்கிறார்கள், அது துளைக்குள் நுழைத்துச் சோதிக்கும் உருளை. 'கோ' முனை உள்ளே போக வேண்டும், 'நோ-கோ' முனை போகக் கூடாது. நோ-கோ முனை நழுவி உள்ளே போய்விட்டால் அந்தப் பாகம் நேரே கழித்தவற்றைப் போடும் சிவப்புப் பெட்டிக்குப் போகும். அத்தோடு விடுவார்களா? ஏன் போனது என்று பார்ப்பார்கள். இன்செர்ட் (வெட்டும் முனை) தேய்ந்துவிட்டதா, ஆஃப்செட் (இயந்திரத்தில் கொடுத்த கருவியின் நிலை அளவு) தவறா, பாகம் சூடாக இருக்கும்போதே கேஜை வைத்தார்களா? 30 டிகிரி சூடு கூடினாலே 25 மி.மீ. எஃகு எட்டு மைக்ரானுக்கு மேல் விரியும். இருக்கிற 21 மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் சூட்டிலேயே போய்விடுகிறது.

இதை வகுப்பிலும் சொல்கிறோம், சொல்லாமல் இல்லை. ஆனால் சிவப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வகுப்புக்குத் திரும்புகிற மாணவர் பொருத்தங்களும் விலக்கங்களும் என்ற பாடத்தில் கேட்கிற கேள்வியே வேறு. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு மறுபடி தொழிலகத்துக்குப் போகும்போது அவர் கேஜைப் பிடிக்கிற விதமும் மாறியிருக்கும். இந்தப் போக்குவரத்துதான் நாம் பெயர் வைக்க வேண்டிய பொருள். போய்விட்டு வராமல் இருந்தாலும் இது நடக்காது, வந்த பிறகு மறுபடி போகாவிட்டாலும் நடக்காது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

> 'டூயல் சிஸ்டம்' என்பதற்கு நேராக 'இரட்டைப் பயிற்சி' போதுமே?

ஜெர்மனியில் இந்த முறைக்கு இரட்டை முறை என்ற பெயர் 1964-இல் ஒரு கல்விக் குழுவின் அறிக்கையில்தான் வந்தது. முறை அதைவிடப் பழையது. 1969-இல் தொழிற்பயிற்சிச் சட்டம் வந்து, நாடு முழுவதற்கும் ஒரே சட்டகத்தை வகுத்தது. பயிலுபவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். தொழிலைப் பொறுத்து இரண்டு ஆண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை இப்படிப் போகும். அவர்கள் மொழியில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் 'இரட்டை' என்றால் ஒரே வகையில் இரண்டு என்றுதான் காதில் விழும். இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு பட்டம், இரட்டைக் குடியுரிமை என்றால் இரண்டு நாட்டுக் குடியுரிமை. இரட்டைப் பயிற்சி என்று விண்ணப்பத்தில் போட்டால் ஃபிட்டர், வெல்டர் இரண்டும் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் வந்து சேருவார்கள். இங்கே பயிற்சி ஒன்று, இடம் இரண்டு.

> 'கூட்டுறவுக் கல்வி' என்று பாடநூலில் பார்த்த நினைவு.

இந்தப் பெயர் அமெரிக்காவிலிருந்து வருவது. 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கினார். அந்த முறைக்கு அங்கே வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்புதான் இது. தமிழில் கூட்டுறவு என்றவுடன் சங்கமும் வங்கியும் கடன் தள்ளுபடியும்தான் நினைவுக்கு வரும். கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் படிப்பு என்று வேறொன்றும் உண்டு. இந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

'உள்ளிருப்புப் பயிற்சி' மருத்துவத்தில் ஓரளவு பொருந்தும், மருத்துவமனையிலேயே தங்கி வேலை பார்ப்பதால். தொழிலகத்தில் உள்ளிருப்பு என்ற சொல்லுக்குப் போராட்டம் என்ற பொருள் எப்போதோ வந்துவிட்டது. தொழிலாளர்களும் மேலாளர்களும் தினமும் புழங்குகிற இடத்தில் அதே சொல்லைப் பயிற்சிக்கு வைப்பது நல்லதல்ல.

'கூட்டாண்மை' இரண்டு நிறுவனங்களுக்கு இடையில் உள்ள உறவைச் சொல்கிறது, மாணவரைச் சொல்லவில்லை. அதோடு, இலங்கையில் 'கூட்டாண்மை ஆளுகை' என்றால் பெருநிறுவன நிர்வாகம். ஆண்டறிக்கைகளில் அப்படித்தான் அச்சாகிறது. கணக்கியல் பாடத்தில் பங்காளிகள் சேர்ந்து நடத்தும் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் 'கூட்டாண்மை', அங்கே 'பங்குடைமை' என்பார்கள். இரு கரையிலும் ஒரே பொருள் தரும் சொல் கிடைக்கும்போது இதை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

'இணைப்பயிற்சி'தான் எல்லாவற்றிலும் பொருளுக்குக் கிட்ட வருகிறது, சொல்லவும் எளிது. ஆனால் இணைகோடுகள் கடைசிவரை சந்திப்பதில்லை. வகுப்பில் ஒன்று, வேலையில் ஒன்று என்று சந்திக்காமலே போவதுதான் இப்போதைய குறை. இணைப் பேராசிரியர், இணை இயக்குநர் என்று பதவி வரிசையிலும் அது அடுத்த படியைக் குறிக்கிறது. 'முக்கியப் பயிற்சி வேறு, இது கூட ஒன்று' என்ற எண்ணம் வந்துவிடும்.

என் முன்மொழிவு: இருகளப் பயிற்சி.

'களம்' என்பது வேலை நடக்கிற இடம். களப்பணி, களஆய்வு, ஆடுகளம் என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, அது ஆலையோடு நின்றுவிடாததுதான். தொழிற்கல்லூரியில் இயந்திரப் பிரிவு மட்டுமா இருக்கிறது? உணவகச் சமையலறை, மருத்துவ ஆய்வுக்கூடம், வண்டி பழுதுபார்க்கும் இடம், கட்டடம் எழும்பும் இடம், பண்ணை எல்லாமே அந்தந்த மாணவருக்குக் களம். 'தொழிற்சாலை', 'ஆலை' என்று வைத்தால் இவர்களில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். 'தொழில்துறை' என்பது ஓர் இடத்தைச் சொல்வதில்லை. 'கைத்தொழில்' என்றால் இலங்கையில் எல்லாப் பெருந்தொழிலும் அடக்கம், தமிழ்நாட்டில் நெசவும் பாய் முடைவதும்தான் கண்முன் வரும். களம் எல்லோருக்கும் ஒன்றே.

வல்லினம் மிகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இருசக்கர வண்டி போல 'இரு'வுக்குப் பின் மிகாது, இருகளம் என்றே வரும். களம் பயிற்சியோடு சேரும்போது மகரம் கெட்டு ஒற்று மிகும், களப்பணி போல. ஆகவே 'இருகளப் பயிற்சி'. முறையை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் 'இருகள முறை'.

மூன்றாவது இடம் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஸ்விட்சர்லாந்தில் நிறுவனம், தொழிற்பள்ளி ஆகியவற்றோடு பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொதுப் பயிற்சிக்கூடமும் உண்டு. சிறிய நிறுவனத்தில் எல்லா இயந்திரமும் இருக்காது, அதனால் அடிப்படை வேலைகளை அங்கே கற்றுக்கொள்வார்கள். அதற்கு 'முக்களப் பயிற்சி' என்று தயங்காமல் சொல்லலாம். இங்கே முக்கோணம் போல ஒற்று மிகும். சொல் நீண்டு கொடுக்கிறது என்பதே அதற்கு ஒரு பலம்.

சாண்ட்விச் படிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்குகளில் அது மூன்றரை ஆண்டுப் பட்டயம். வழக்கமான மூன்று ஆண்டுப் படிப்புக்கு நடுவே தொழிலகப் பயிற்சியை முழுப் பருவமாக வைப்பார்கள். வாரத்துக்கு வாரம் மாறுவது இல்லை, ஒரேயடியாகப் போய் ஒரேயடியாகத் திரும்புவது. இதையும் இருகளப் பயிற்சி என்று சொல்லிவிட்டால் வேறுபாடு மறைந்துவிடும். 'இடைச்செருகல் படிப்பு' என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. ஏட்டில் பிற்காலத்தார் நுழைத்த பாட்டுக்குத்தான் அந்தச் சொல், பொய்யாகச் சேர்த்தது என்ற நிறம் அதில் ஒட்டியிருக்கிறது. ஊடுபயிர் என்று உழவர்கள் சொல்கிறார்கள் அல்லவா, அதே அமைப்பில் 'ஊடுபயிற்சி' வைக்கலாம். நிலம் ஒன்று, பயிருக்கு நடுவே பயிர். படிப்புக்கு நடுவே பயிற்சி. கேட்டவுடன் விளங்குகிறது.

அப்புறம், ஆட்களைக் குறிக்கும் சொற்கள். தொழிலகத்தில் மாணவருக்குப் பொறுப்பானவரை இப்போது சூப்பர்வைசர் என்கிறோம். அவர் வேலையை மேற்பார்ப்பவர். கற்றுக்கொடுப்பது அவருடைய கடமை என்று அந்தச் சொல் சொல்வதில்லை. பல இடங்களில் இந்தப் பயிற்சி சரிந்துபோவது இங்கேதான். மாணவரை ஒரு மூலையில் நிறுத்தி, பாகங்களைத் துடைத்து அடுக்கச் சொல்லிவிடுவார்கள். உற்பத்திக் கணக்கு சூப்பர்வைசர் தலையில் இருக்கும்போது அவரை மட்டும் குறைசொல்லியும் பயனில்லை. ஜெர்மனியில் பயிற்சி கொடுப்பவர் கற்பிக்கும் தகுதிக்குத் தனியாகத் தேர்வு எழுதித் தேற வேண்டும். நாமும் 'களப் பயிற்றுநர்' என்று பெயர் வைத்து, கல்லூரியில் இருக்கும் பயிற்றுநருக்குச் சமமாக அவரை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பெயரோடு நேரமும் ஒதுக்க வேண்டும்.

'ஸ்டைபெண்ட்' என்பதற்கு உதவித்தொகை என்று எழுதுவதை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். உதவித்தொகை ஏழ்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் கொடுப்பது. இது வேலையிடத்தில் கற்கும் காலத்துக்குச் சேர வேண்டிய தொகை. ஊதியம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்று பிரித்துச் சொல்கிறது. பஞ்சப்படி, பயணப்படி இருப்பது போலப் 'பயிற்சிப்படி' என்று வைத்தால் நடுவில் சரியாக உட்காருகிறது. கேட்டுப் பெறுகிற உரிமை என்ற தொனியும் 'படி'யில் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவை.

'அப்ரென்டிஸ்' என்பதற்குத் தொழிற்பழகுநரா, பயிலுநரா என்ற சண்டையை நீட்ட வேண்டாம். முன்னது தமிழ்நாட்டிலும் பின்னது இலங்கையிலும் அரசு வழக்கு. இரண்டும் நல்ல தமிழ். அகராதியில் இரண்டையும் போட்டுவிடலாம்.

பட்டியலில் சேர்க்க நான் எழுதிப் பார்த்த வரையறை இது:

இருகளப் பயிற்சி: ஒரே பாடத்திட்டத்தைக் கல்லூரியும் பணிக்களமும் பிரித்துக்கொண்டு, மாணவர் படிப்புக் காலம் முழுவதும் இரண்டிலும் மாறி மாறிக் கற்று, இரு தரப்பும் சேர்ந்து மதிப்பிடும் தொழிற்கல்வி முறை.

'சேர்ந்து மதிப்பிடும்' என்பதை எடுத்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது இருக்கட்டும் என்பது என் கருத்து. ஜெர்மனியில் இறுதித் தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பு, தொழிலாளர் தரப்பு இரண்டோடும் தொழிற்பள்ளி ஆசிரியரும் உட்காருகிறார். மதிப்பெண் முழுவதும் கல்லூரியிடம் இருந்தால் மாணவர் தொழிலகத்தில் வருகைப் பதிவோடு முடித்துக்கொள்வார். முழுவதும் தொழிலகத்திடம் இருந்தால் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பயன்படுகிறவராக வெளியே வருவார்.

ஒரு சொல் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மாணவர் ஒவ்வொரு வாரமும் என்ன வேலை செய்தார் என்று எழுதி, களப் பயிற்றுநரும் ஆசிரியரும் கையெழுத்திடும் புத்தகம். ஜெர்மனியில் இப்படியொரு பயிற்சிப் பதிவு இல்லாமல் இறுதித் தேர்வுக்கே உட்கார முடியாது. 'செய்முறைப் பதிவேடு' என்றால் முந்தைய ஆண்டு மாணவர் நோட்டைப் பார்த்து எழுதுகிற ரெக்கார்டு நோட்டு என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 'பணிநாளேடு' என்று ஒரு யோசனை இருக்கிறது, 'களக்குறிப்பேடு' என்றும் சொல்லலாம். பட்டறையில் இருப்பவர்கள், குறிப்பாக மின்பணியாளர், சமையல் பிரிவுகளில் சொல்லிக்கொடுப்பவர்கள், உங்கள் இடத்தில் அதை என்ன பெயரில் கேட்டு வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு இந்தத் தொகுதி முழுவதையும் ஒன்றாகப் பட்டியலுக்கு அனுப்பலாம்.

அன்புடன்.