கிரேடு 3ஐ மூன்றாம் ஸ்டேஜ் என்று வாசித்தவள்

தொடங்கியவர்:

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொல்லும் பயாப்ஸி அறிக்கை வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்தது. மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்ததோ திங்கட்கிழமை. நடுவில் கிடந்த மூன்று இரவுகளைப் பற்றி எழுதுகிறேன்.

ஒன்றரைப் பக்கம். ‘இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3’ என்று இருந்தது. முன்னால் இருந்த சொற்கள் எதுவும் புரியவில்லை, 3 மட்டும் புரிந்தது. மூன்றாம் ஸ்டேஜ் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மொத்தமே நான்குதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆக இன்னும் ஒரே படி. அன்றிரவே பத்திரங்களையும் காப்பீட்டுத் தாள்களையும் தனித்தனி உறைகளில் போட்டு மேலே பெயர் எழுதிவைத்தேன். என் கையெழுத்து மகளுக்குப் புரியாது. அதனால் ஒவ்வோர் எழுத்தாக, அச்சடித்ததுபோல எழுதினேன்.

திங்கட்கிழமை மருத்துவர் தாளை என் பக்கம் திருப்பி, அந்த 3க்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். “இது ஸ்டேஜ் இல்லை அம்மா. செல்கள் இயல்பான உருவத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்துப் போடும் மதிப்பெண். இதில் 1, 2, 3 மட்டும்தான் உண்டு. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, அக்குள் நெறி (நிணநீர்க் கணு), வேறு உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்பதையெல்லாம் வைத்துச் சொல்வது. ஊசி வைத்து எடுத்த துணுக்கை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது” என்றார். என் கட்டி 1.8 செ.மீ. ஸ்கேனில் நெறிகள் சுத்தமாக இருந்தன. இதுவரை தெரிந்த அளவில் முதல் ஸ்டேஜ். வேகமாக ஓடக்கூடியதுதான், ஆனால் அதிக தூரம் போகவில்லை என்றார்.

நான் கண்ணெடுத்தும் பார்க்காத கடைசி மூன்று வரிகளைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். புற்றுசெல் ஹார்மோனைப் பிடித்து வளர்கிறதா என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி, பிறகு செல்லைப் பெருகத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம். எந்த மருந்து என்பதை முடிவு செய்வதே இவைதானாம். முதல் இரண்டும் பாசிட்டிவ். ஹெர்2வுக்கு 2+ என்று போட்டிருந்தார்கள். 0, 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு, 2+ என்றால் இரண்டும் கெட்டான். மரபணுவை நேரடியாக எண்ணும் ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். நெகட்டிவ் என்று வந்தது.

அறிக்கையைத் தப்பாக வாசித்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் மட்டும்தான் முட்டாள் என்று ஆகிவிடக் கூடாது.

அக்காவின் தங்கை:

நான் உங்களுக்கு நேர் எதிர். மூன்று வரியிலும் ‘நெகட்டிவ்’ என்று பார்த்ததும் நோயே இல்லை என்று நினைத்து, மருத்துவமனைப் படியில் நின்றபடியே அக்காவுக்குப் போன் செய்துவிட்டேன். இருவரும் சேர்ந்து அழுதோம். நல்ல அழுகை அது.

டிரிபிள் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரையும் கேட்காது, ஹெர்2வுக்கான ஊசியும் கேட்காது என்பது மறுநாள்தான் தெரிந்தது. எனக்கு முதலில் கீமோ, பிறகுதான் அறுவைச் சிகிச்சை. கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை வைத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். மருந்தில் கட்டி கரைந்துபோனால் எந்த இடத்தை வெட்டுவது என்று தெரிய வேண்டாமா என்றார்கள். என்னைத் தைரியப்படுத்தச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் அந்தக் கிளிப் மட்டும்தான் தெரிந்தது. வெட்டி எடுத்த சதையிலும் புற்றுசெல் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இந்த முறை மருத்துவர் வாயால் சொல்லும்வரை யாருக்கும் போன் செய்யவில்லை.

என் வயதுக்கும் இந்த வகைக்கும் மரபணுச் சோதனை செய்வது நல்லது என்றார்கள். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. அக்காவுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எட்டு மாதமாகச் சொல்கிறேன், சோதனை செய்துகொள்ள மாட்டேன் என்கிறாள். தெரிந்து என்ன செய்வது என்று கேட்கிறாள். தெரிந்தால் வருடாவருடம் எம்ஆர்ஐ எடுக்கலாம், முன்கூட்டியே அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று யோசிக்கலாம் என்று பட்டியல் வைத்திருக்கிறேன். பட்டியலை நீட்டினால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

நூறில் ஒருவன்:

நான் ஆண். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் ஏறத்தாழ நூறில் ஒருவர் ஆண். காம்புக்குப் பின்னால் கடலை அளவில் கெட்டியாக ஒன்று இருந்தது. வலி இல்லை, ஆகவே நோய் இல்லை என்பது என் கணக்கு. காம்பு உள்ளிழுத்துக்கொண்ட பிறகுதான் போனேன். எட்டு மாதம் வீண்.

மேமோகிராம் எடுக்கும் இடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். கடைசி மாதவிடாய்த் தேதி, எத்தனை பிரசவம் என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் குறுக்குக் கோடு போட்டு நீட்டினேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்காமலேயே, “நோயாளியை வரச் சொல்லுங்கள்” என்றார். வந்துதான் நிற்கிறேன் என்றேன். இப்போது தினமும் தமொக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை. பெண்களுக்குத் தரும் அதே மாத்திரைதான்.

மூத்த மகன்:

அம்மாவுக்காக எழுதுகிறேன். இதை வாசிக்கும் யாருக்காவது கீமோ நடந்துகொண்டிருந்தால் தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள்.

கீமோ ஏற்றிய பத்தாம் நாள் இரவு அம்மாவுக்கு 38.4 காய்ச்சல். மணி பதினொன்று. மழைக்குளிர் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் 37க்கு இறங்கியது. நானே மருத்துவர் ஆகிவிட்ட திருப்தியில் தூங்கிவிட்டேன். விடியற்காலை அம்மா கட்டிலே ஆடும்படி நடுங்கிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கீமோவுக்குப் பிறகு ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். கிருமி நுழைந்தால் தடுக்க ஆள் இல்லை. அந்த நாட்களில் 38ஐத் தொட்டால் (100.4 ஃபாரன்ஹீட்) அது காய்ச்சல் அல்ல, அவசரம். “மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது” என்று செவிலியர் என்னிடம் கத்தினார். கத்தியது சரிதான். ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறிய பிறகு அம்மா பிழைத்தார்.

38 ஆனால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று எண் அச்சடித்த அட்டை ஒன்றை முதல் நாளே கொடுத்திருந்தார்கள். என் பர்ஸில், பழைய பஸ் டிக்கெட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. இப்போது அம்மாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பச்சை:

தொடங்கியவருக்கு: உங்களுக்கு 1.8 செ.மீ. என்றால் மார்பகத்தை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்று கேட்பார்கள். எடுத்ததே எடுக்கிறீர்கள், முழுதாக எடுத்துவிடுங்கள் என்று நான் சண்டைக்கு நின்றேன். எவ்வளவு அதிகமாக வெட்டுகிறார்களோ அவ்வளவு பத்திரம் என்பது என் எண்ணம். மார்புத் தசையோடு சேர்த்து வெட்டிய அந்தக் காலத்து மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்களாம். பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தலைமையில் 1976ல் ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் இருபதாண்டு முடிவு 2002ல் வந்தது. முழுதாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியிருக்கிறது. கொடுத்தவர்களில் 14 பேருக்கு. அதைக் கேட்டுத்தான் சமாதானம் ஆனேன். கட்டியை மட்டும் எடுத்து, 15 முறை கதிர்வீச்சு. முழுதாக எடுத்துக்கொண்ட தோழியும் எனக்கு இருக்கிறாள். அவள் காரணம் அவளுக்கு.

அக்குளில் நோய் முதலில் எட்டக்கூடிய நெறியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் செலுத்துவார்கள். அந்த நெறியில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை, பின்னால் கை வீங்கும் அபாயமும் குறைவு. நல்ல ஏற்பாடு. ஆனால் மறுநாள் சிறுநீர் பச்சையாக வரும் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெரியவர் எழுந்து ஓடிவந்தார்.

மூன்றாம் வருடம்:

சுருக்கமாக. ஹார்மோன் மாத்திரைக் காலத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அது அலுப்பான கதை. ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. குப்பென்று உடம்பெல்லாம் வெப்பம் ஏறும், இரவில் போர்வை நனையும். இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட்டேன். மருத்துவரிடம் ஒப்புக்கொண்டபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “ஏன் முதலிலேயே சொல்லவில்லை, வெப்பத்துக்கு மருந்து இருக்கிறதே” என்றார். இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தொடங்கியவர்:

எல்லாவற்றையும் வாசித்தேன். மகளிடமும் வாசித்துக் காட்டினேன். 38 என்ற எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்போதே எழுதி ஒட்டிவிட்டாள், எனக்குக் கீமோ உண்டா இல்லையா என்றே இன்னும் முடிவாகவில்லை. நாளை காலை எட்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. கட்டியை மட்டும்தான் எடுக்கிறார்கள், நெறிக்கு நீலச் சாயம் உண்டு. பக்கத்துக் கட்டிலுக்கு யார் வந்தாலும் முதல் வேலையாகப் பச்சை விஷயத்தைச் சொல்லிவிடப்போகிறேன்.