ஹால்ஸ்டாட்டில் அப்பாவுக்குக் கிடைத்த உப்புக் கூட்டாளி

பார்க்கிங் கிடைக்காததால்தான் அந்தப் பயணம் நன்றாக அமைந்தது என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் முறைப்பாள். ஆனால் நடந்தது அதுதான்.

நாங்கள் இருப்பது ம்யூனிக்கில். அம்மாவும் அப்பாவும் வந்திருந்த ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஆஸ்திரியாவின் ஹைவே கட்டண ஸ்டிக்கரை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சால்ஸ்பர்க், பாட் இஷ்ல் வழியாக அந்த நாட்டின் ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட்டுக்குக் கிளம்பினோம். ஊருக்கு முன்னாலேயே பலகை: எல்லா பார்க்கிங்கும் நிரம்பிவிட்டது. 700 சொச்சம் பேர் வாழும் ஊருக்கு, சீசனில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் வந்தால் வேறென்ன ஆகும்? 2023-இல் எல்லோரும் செல்ஃபி எடுக்கிற இடத்தில் மரத்தட்டி அடித்து ஏரியையே மறைத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். தட்டி வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

வேறு வழியில்லாமல் ஏரியின் தென்கோடியில் இருக்கும் ஓபர்டிரௌனுக்குப் போய்க் காரை விட்டோம். அங்கிருந்து ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். ஹால்ஸ்டாட் ஸ்டேஷன் இருப்பது ஊருக்கு எதிர்க்கரையில். இறங்கினால் படகு காத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இந்த ஊருக்கு ஒழுங்கான சாலை கிடையாது. படகு, இல்லையென்றால் மலையோர ஒற்றையடிப்பாதை. எனவே பழைய முறைப்படியே உள்ளே போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் ஊரின் நெருக்கடி புரிகிறது. பின்னால் செங்குத்தாக மலை, முன்னால் ஏரி, நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் வீட்டின் மேல் வீடு.

எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏலே, இங்க உப்பு எங்க காயுது?"

அப்பா தூத்துக்குடி உப்பளங்களில் 34 வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 'ஹால்' என்றாலே உப்புதான், 7,000 வருஷமாக இங்கே உப்பு எடுக்கிறார்கள் என்று காரில் நான் சொன்னது அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மலைக்குள் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து, அந்த உப்புத்தண்ணீரை வெளியே கொண்டுவந்து காய்ச்சுவார்கள் என்று விளக்கினேன். "காய்ச்சணுமா? வெயில் பாத்துக்காதா?" என்றார். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேட்ட கேள்வி அது.

அந்தத் தண்ணீரை எபென்ஸே என்கிற ஊர் வரை கொண்டுபோக 1595-இலிருந்து 1607-க்குள் சுமார் 40 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாயிரம் மரங்களைக் குடைந்து செய்த குழாய். காரணத்தை நான் வாசிக்கும் முன்பே அப்பா சொல்லிவிட்டார்: "பக்கத்துல வெறகு தீந்திருக்கும்லே. வெறகு இருக்கற எடத்துக்குத் தண்ணியக் கொண்டுபோயிருக்கான்." அதேதான்.

படியேறி மேலே உள்ள மாதா கோவிலுக்குப் போனோம். அதையொட்டிய கல்லறைத் தோட்டம் மிகச் சின்னது. இடம் போதாமல் முன்பு பத்துப் பதினைந்து வருஷத்தில் குழியைத் திறந்து எலும்பை எடுத்துவிடுவார்களாம். மண்டையோட்டை வெளியில் வைத்து வெளுக்கவிட்டு, பெயரும் பூவும் இலையும் வரைந்து பக்கத்துச் சிற்றாலயத்தில் அடுக்கினார்கள். சுமார் 1,200 இருக்கின்றன, பாதிக்கு மேல் வர்ணம் தீட்டியவை. அம்மா வாசலோடு சரி. என் பத்து வயது மகள் இரண்டு முறை சுற்றிவந்து, தங்கப்பல் வைத்த ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதுதான் கடைசியாக, 1995-இல், வந்து சேர்ந்தது.

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அம்மா வணக்கம் வைக்க, அவர் இடம் ஒதுக்க, மகள் ஜெர்மனில் பேச்சுக் கொடுத்தாள். உப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவ்வளவுதான், அப்பா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி எத்தன டிகிரின்னு கேளு பாப்பா."

மகள் கேட்டாள். "வருஷம் முழுக்க எட்டு டிகிரிதான்" என்றார் அவர். அப்பா முகம் சுருங்கிவிட்டது. எட்டு டிகிரியில் எந்த உப்பு விளையும்? உப்பளத்தில் டிகிரி என்றால் தண்ணீரின் உப்புக் கணக்கு. 25 வந்தால்தான் பாத்தியில் உப்பு கட்டும். பெரியவர் சொன்னதோ சுரங்கத்துக்குள் அடிக்கிற குளிர்! குழப்பம் தெளிய ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் அவர் ஒரு லிட்டர் என்று கையால் அளவு காட்டி, மூன்று விரலை நீட்டினார்: முந்நூறு கிராமுக்கு மேல் உப்பு. அப்பா தலையாட்டினார். அதற்குப் பின் மொழிபெயர்ப்பு பாதிதான் தேவைப்பட்டது. உப்பு வாருகிற பலகையை அப்பா காற்றில் இழுத்துக் காட்டினார். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். ஐப்பசியிலிருந்து அளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை என்று அப்பா சொல்ல, மகள் 'ஐப்பசி'க்கு ஜெர்மன் தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

எழுந்தபோது அவர் "க்ளூக் ஆஃப்" என்றார். சுரங்கத்துக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற வணக்கம் அது.

சுரங்கத்தைப் பார்க்க நேரம் இல்லாமல் போனது. உள்ளே மரச் சறுக்கு உண்டு என்று மகளுக்கு முன்பே தெரிந்திருந்ததால் திரும்பும் வழியெல்லாம் அதே புலம்பல். போகிறவர்கள் அதற்கு மட்டும் மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். படகு ரயில் நேரத்தை ஒட்டித்தான் ஓடும், கடைசிப் படகு எப்போது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஓபர்டிரௌனில் ஏரிக்கரைப் புல்லில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். அம்மா ஹால்ஸ்டாட்டில் வாங்கிய உப்புப் பொட்டலத்தைப் பிரித்தாள். அப்பா இரண்டு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுத்தமான உப்பு. கசப்பே இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நம்ம உப்புக் கரிப்பு வராதுலே."