புல்லட்டின் பெட்டி மூடி

நான், இரவு 8.10
அப்பாவின் 1986 மாடல் புல்லட்டுக்குக் கருவிப் பெட்டியின் மூடியை நானே செய்யலாம் என்று, மொட்டை மாடியில் 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை மணல் மூட்டை மேல் வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியால் குழித்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி வடிவம் வந்த பிறகு ஓரம் கட்டைவிரல் நீளத்துக்கு வெடித்துவிட்டது. பெரியப்பா படத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும்.

பெரியப்பா, 8.24
தகட்டின் மேல் குற்றமில்லை. அலுமினியம் அடிக்க அடிக்க இறுகும். இடையிடையே சூடு காட்டி இளக்காமல் ஒரே மூச்சில் அடித்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? இரும்பைப் போல அது சிவந்து காட்டும் என்று காத்திருக்காதே, 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் உருகி ஓடிவிடும். தகட்டின் மேல் துணி சோப்பால் கோடுகள் இழுத்து, அடியிலிருந்து கேஸ் டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இரு. சோப்புக் கோடு கறுத்ததும் நெருப்பை விலக்கி ஆறவிட்டால், தகடு மறுபடியும் கைக்கு வளையும். வெடித்த துண்டைப் பழகுவதற்கு வைத்துக்கொள்.

சித்தி, 8.31
இனி சோப்பு காணாமல் போனால் யாரைக் கேட்பது என்று தெரிந்துவிட்டது. அது போகட்டும், பெட்ரோல் டாங்கியில் வெல்டிங் வைக்கப் போவதாகப் போன வாரம் சொன்னாயே, அதை மட்டும் வீட்டில் செய்யாதே.

பெரியப்பா, 8.33
சித்தி சொல்வதைக் கேள். காலியான டாங்கிதான் அதிக ஆபத்து. உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும்.

அண்ணன், 8.47
பெட்டி மூடி, சீட்டு உறை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள், சேஸியை அறுத்துப் பின்பக்கத்தைக் குட்டையாக்கும் யோசனை வேண்டாம். தயாரிப்பாளர் தந்த மூல அமைப்பிலிருந்து வண்டியின் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம்.

நான், 8.52
சேஸியைத் தொட மாட்டேன், அண்ணா. பெரியப்பா, புது மூடியை நேராகத் திருகி மாட்டிவிடலாமா?

பெரியப்பா, 9.05
புல்லட்டின் அதிர்வுக்குத் துளையைச் சுற்றி ஒரே மாதத்தில் விரிசல் விழும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து முடுக்கு. இன்னொன்று, படத்தில் பிறை பிறையாகத் தெரியும் தடங்கள் கொட்டாப்புளியால் விழுந்தவை அல்ல.

நான், 9.07
கொட்டாப்புளி பிளந்துவிட்டதால் கடைசி அரை மணி நேரம் இரும்புச் சுத்தியால் அடித்தேன், பெரியப்பா.

பெரியப்பா, 9.08
ஞாயிற்றுக்கிழமை என்னுடையதைக் கொண்டு வருகிறேன். அதுவரை தகட்டைத் தொடாதே.