நாட்டிங்காம் ஃபாரஸ்ட் சிறிய கிளப்பா? இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகளை எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது?

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். கடலூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் கால்பந்து அணியின் மாணவர்கள் பிரீமியர் லீக் ஆட்டங்களை விடாமல் பார்ப்பவர்கள். அந்நாட்டு கிளப்புகளை அளவையும் மதிப்பையும் பொறுத்து மூன்று நான்கு படிகளாகப் பிரித்து, விளையாட்டு அறையில் மாட்டுவதற்கு ஓர் அட்டவணை எழுதித் தரும்படி அவர்களிடம் கூறியிருந்தேன். மான்செஸ்டர் யுனைடெடும் லிவர்பூலும் முதல் படியில் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2025 வரையில் இரண்டும் தலா 20 முறை லீக் பட்டம் வென்றிருக்கின்றன. அதற்குக் கீழேதான் தகராறு.

ஒரு மாணவர் நாட்டிங்காம் ஃபாரஸ்டைக் கடைசிப் படியில், போர்ன்மவுத்துக்குப் பக்கத்தில் எழுதினார். இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்ற கிளப்பை அங்கே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால், "லீக் பட்டம் ஒன்றுதானே, சார்?" என்று அவர் கேட்டபோது அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. மான்செஸ்டர் சிட்டியை யுனைடெடுக்குச் சமமாக வைக்கலாமா, டாட்டன்ஹாம் பெரிதா ஆஸ்டன் வில்லா பெரிதா, அண்மைக் காலம் வரை கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த சண்டர்லாந்தை எங்கே எழுதுவது என்பவையும் தீராமல் நிற்கின்றன. கோப்பைகள், கூட்டம், வருமானம், வரலாறு ஆகியவற்றில் எதற்கு முதலிடம் தர வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் காரணத்தோடு எழுதினால் மாணவர்களுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மாணவர்கள் இரண்டு கேள்விகளை ஒரே அட்டவணைக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிளப்புக்குப் பின்னால் எவ்வளவு மக்கள் நிற்கிறார்கள் என்பது ஒன்று. அது களத்தில் எதைச் சாதித்தது என்பது வேறொன்று. ஃபாரஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து (அப்போதைய இரண்டாம் நிலை லீக்) மேலே ஏறி, அடுத்த ஆண்டே லீக் பட்டத்தைக் கைப்பற்றி, 1979இல் மால்மோவையும் 1980இல் ஹாம்பர்க்கையும் இறுதி ஆட்டத்தில் 1-0 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பையை அடுத்தடுத்து இருமுறை எடுத்துச்சென்ற அணி அது. தன் நாட்டு முதல்நிலை லீக் பட்டத்தைவிட ஐரோப்பியக் கோப்பையை அதிக முறை வென்ற கிளப் இன்றுவரை அது ஒன்றுதான். பயிற்சியாளர் பிரையன் கிளஃபும் அவருடைய துணைவரான பீட்டர் டெய்லரும் அங்கே செய்ததற்கு இணையாக ஒன்றைக் கால்பந்து வரலாற்றில் காண்பது அரிது. ஆனால் அந்தக் கிளப்பின் சிட்டி கிரவுண்ட் அரங்கில் ஏறத்தாழ 30,000 பேர்தான் அமர முடியும். ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தும் மூன்றாம் நிலை வரை இறங்கிய முதல் கிளப்பும் ஃபாரஸ்ட்தான். அது 2005இல் நடந்தது. பிரீமியர் லீக்கை அது மறுபடியும் எட்டியது 2022இல். ஆகவே அதன் சாதனை மிகப் பெரியது, அளவு நடுத்தரமானது என்று எழுதுவதே முறை.

அளவை அறிவதற்கு, ஒரு கிளப் வென்ற ஆண்டுகளைவிட வீழ்ந்த ஆண்டுகளையே நான் பார்ப்பேன். வெற்றி பெறும்போது எந்த அரங்கும் நிரம்பிவிடும். மான்செஸ்டர் யுனைடெட் 1974இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த சீசனில் இங்கிலாந்து முழுவதிலும் மிக அதிகமான சராசரிக் கூட்டம் எந்த அணிக்கு வந்தது என்று உங்கள் மாணவர்களைக் கேளுங்கள். முதல் டிவிஷனில் ஆடிய எந்த அணிக்கும் அல்ல, இரண்டாம் டிவிஷனில் ஆடிய யுனைடெடுக்குத்தான். ஆஸ்டன் வில்லா மூன்றாம் டிவிஷனில் இருந்தபோது, 1972இல் போர்ன்மவுத்துக்கு எதிரான ஆட்டத்துக்கு 48,000 பேருக்கு மேல் வந்தார்கள். சண்டர்லாந்து மூன்றாம் நிலையில் இருந்த 2018ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தைக் காண 46,000 பேர் திரண்டார்கள். கடைசியாக லீக் பட்டம் வென்றது 1936இல், எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேற்றும் தேசியப் போட்டி) 1973இல் என்ற நிலையில் உள்ள ஓர் அணிக்காக, கடும் குளிரில், மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு இவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால், அந்தக் கிளப்பைச் சிறியது என்று யாரும் சொல்ல முடியாது.

மான்செஸ்டர் சிட்டியையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். 2008இல் அபுதாபி உரிமையாளர்கள் வரும் வரை அதற்கு ரசிகர்களே இல்லை என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1998-99இல் மூன்றாம் நிலையில் ஆடியபோதும் அதற்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். 1934இல் ஸ்டோக் சிட்டிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு மெயின் ரோடு அரங்கில் கூடிய 84,569 பேர், தன் சொந்த மைதானத்தில் ஓர் ஆங்கிலேய கிளப் கண்ட மிகப் பெரிய கூட்டம். செல்சியின் நிலையும் அப்படியே: 2003இல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் வாங்குவதற்கு முன் லீக் பட்டம் ஒன்றுதான், 1955இல் வென்றது, ஆனால் 1935இல் ஆர்சனலுக்கு எதிராக ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் கூடியவர்கள் 82,905 பேர். பணம் இவ்விரண்டுக்கும் கோப்பைகளைக் கொண்டுவந்தது. மக்கள் அதற்கு முன்பே இருந்தார்கள்.

பதில்: லாஸ்பேட்டை, புதுச்சேரி

மேலே எழுதிய ஐயாவின் விவரங்களை மதிக்கிறேன். அவருடைய அளவுகோலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2012க்கும் 2024க்கும் இடையில் எட்டு லீக் பட்டங்கள், 2023இல் ஒரே சீசனில் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்றும் என்று வென்ற சிட்டியை, 1934ஆம் ஆண்டுக் கூட்டத்தைக் காட்டித்தான் பெரிய கிளப் என்று நிறுவ வேண்டுமா? இன்று பத்து வயதுள்ள பையனுக்கு இங்கிலாந்துக் கால்பந்து என்றால் சிட்டிதான். உப்பளம் இந்திரா காந்தி மைதானத்துப் பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள். வெளிர்நீலச் சட்டைகளுக்குக் குறைவே இல்லை. வாயில் நுழைவுச் சீட்டுகளை மட்டும் எண்ணினால் இந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனால் ஒளிபரப்புக்குக் கட்டணம் செலுத்துவதும் சட்டை வாங்குவதும் இவர்களுடைய குடும்பங்கள்தானே.

எங்கள் ஊரில் பலருக்குப் பிரான்சில் உறவினர்கள் உண்டு என்பதால் அந்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறுகிறேன். செயின்ட் எட்டியென் 10 முறை பிரெஞ்சு லீக்கை வென்றது. கடைசி வெற்றி 1981இல். பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் தோன்றியதே 1970இல்தான். இன்று இவ்விரண்டில் எது பெரிய கிளப் என்று பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் எந்த இளைஞரைக் கேட்டாலும் ஒரே விடைதான் வரும். வரலாறு நின்றுபோன இடத்திலேயே மதிப்பும் நிற்பதில்லை. சிட்டியை முதல் படியில் வையுங்கள் என்பதே என் கருத்து.

பதில்: நெல்லித்தோப்பு, புதுச்சேரி

கணக்குத் தணிக்கைத் துறையில் பணிபுரியும் பெண் நான், லிவர்பூல் ரசிகை. இருவரும் சொல்லாமல் விட்டதைச் சேர்க்கிறேன். எந்தக் காலத்தில், எந்த விதிகளின் கீழ் ஒரு கிளப் வென்றது என்பதைப் பார்க்காமல் கோப்பைகளை எண்ணுவது சரியாகாது.

1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் வீரர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு இருந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போனாலும் அதே சம்பளம்தான் என்பதால், டாம் ஃபின்னி போன்ற ஒருவர் தம் ஆட்ட வாழ்வு முழுவதையும் பிரெஸ்டன் கிளப்பிலேயே கழித்தார். போர்ட்ஸ்மவுத் 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றதும், கடலூரைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட பர்ன்லி 1960இல் வென்றதும் அந்த ஏற்பாட்டின் கீழ்தான். உச்சவரம்பு நீங்கிய பிறகு, 1962இல் வென்ற இப்ஸ்விச் போன்ற விதிவிலக்குகள் இருந்தாலும், சிறு நகரங்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. லீக் ஆட்டங்களின் நுழைவுக் கட்டணத்தில் வந்து ஆடும் அணிக்கும் பங்கு உண்டு என்ற வழக்கம் 1983இல் கைவிடப்பட்டது. பெரிய அரங்கும் பெரிய நகரமும் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு சாதகம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1992இல் பிரீமியர் லீக் தோன்றியதும் ஒளிபரப்புப் பணம் வந்தது.

அந்த ஒளிபரப்புப் பணம்தான் இன்று வேறொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. உள்நாட்டு ஒளிபரப்பு வருவாயில் பாதி 20 கிளப்புகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுவதால், 11,000 பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கை வைத்துக்கொண்டு போர்ன்மவுத் 2024-25இல் ஒன்பதாம் இடத்தில் முடிக்க முடிகிறது. அதே சீசனில், 74,000 பேர் அமரும் ஓல்ட் டிராஃபோர்டை உடைய யுனைடெட் பதினைந்தாம் இடத்தில் முடித்தது. இதைப் பார்த்துப் போர்ன்மவுத் யுனைடெடைவிடப் பெரிய கிளப் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே லாஸ்பேட்டை நண்பர் கூறுவதைப் போல நிகழ்காலத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. கிளப்பின் அளவு மாறுவதற்கு ஓர் ஆண்டு அல்ல, பல ஆண்டுகள் வேண்டும். ஆர்சனல் 38,000 பேர் அமரும் ஹைபரியை விட்டு, 60,000 பேர் அமரும் எமிரேட்ஸ் அரங்குக்கு 2006இல் சென்றது. கட்டுமானக் கடனை அடைத்த ஆண்டுகளில் அதன் நட்சத்திர வீரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டதால்தான் இன்று அதன் வருமானம் முன்வரிசையில் இருக்கிறது.

கேட்டவர்: மஞ்சக்குப்பம், கடலூர்

மூவருக்கும் நன்றி. ஊதிய உச்சவரம்பு பற்றி மாணவர்களுக்குத் தெரியாது. வகுப்பில் அதைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். அளவுக்கு ஒன்று, சாதனைக்கு ஒன்று என இரண்டு வரிசைகள் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். சாதனை வரிசையில் சிட்டியை முதல் படியில் எழுதிவிட்டார்கள். டாட்டன்ஹாம், வில்லா, எவர்ட்டன் ஆகிய மூன்றில்தான் இன்னும் உடன்பாடு இல்லை.

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

சிட்டியைச் சாதனை வரிசையில் மேலே வைத்ததில் எனக்கும் முழு உடன்பாடு உண்டு. பத்து லீக் பட்டங்களை யாரும் தள்ளிவிட முடியாது. ஆர்சனலையும் அங்கேயே வையுங்கள். 2025 வரையிலான கணக்கில் 13 லீக் பட்டங்கள், 14 எஃப்.ஏ. கோப்பைகள், 1919 முதல் ஒருமுறைகூட முதல்நிலையிலிருந்து இறங்கியதில்லை. ஐரோப்பியக் கோப்பை இல்லை என்பது ஒன்றே அதன் குறை.

நீங்கள் கேட்ட மூன்றில், சாதனையில் எவர்ட்டனே முதலில் வர வேண்டும். ஒன்பது லீக் பட்டங்களை வென்ற அந்தக் கிளப், 1888இல் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கிளப்புகளில் ஒன்று. அன்று தொட்டு நான்கு சீசன்கள் மட்டுமே முதல்நிலைக்கு வெளியே ஆடியிருக்கிறது. 1985, 1987 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றும், ரசிகர்கள் பலர் உயிரிழந்த 1985ஆம் ஆண்டு ஹெய்சல் அரங்குத் துயரத்துக்குப் பிறகு ஆங்கிலேய கிளப்புகளுக்கு விதிக்கப்பட்ட தடையால் ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை அது இழந்தது. அதன் மிகச் சிறந்த அணிக்கு நேர்ந்த அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. 1995க்குப் பிறகு ஒரு கோப்பையும் இல்லை என்பதால் இளைஞர்கள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆயினும் 2025இல் குடிசன் பார்க்கை விட்டு, 50,000 பேருக்கு மேல் அமரும் புதிய அரங்குக்கு மாறியிருக்கிறது.

அடுத்து வில்லா: ஏழு லீக் பட்டங்கள், ஏழு எஃப்.ஏ. கோப்பைகள், 1982இல் ராட்டர்டாமில் பயர்ன் மியூனிக்கை வீழ்த்தி வென்ற ஐரோப்பியக் கோப்பை. டாட்டன்ஹாமுக்கு லீக் பட்டங்கள் 1951, 1961 என இரண்டே. எனினும் எஃப்.ஏ. கோப்பைகள் எட்டு, ஐரோப்பிய அளவிலான ஏதேனும் ஒரு போட்டியை வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப்பும் அதுவே, 1963இல். 2025இல் லீக்கில் பதினேழாம் இடத்தில் முடித்த அதே சீசனில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கையும் வென்றது. அளவு என்று வந்தால் வரிசை தலைகீழாகிறது: 62,000 பேருக்கு மேல் அமரும் அரங்கும் லண்டன் நகரமும் டாட்டன்ஹாமை மற்ற இரண்டுக்கும் முன்னால் கொண்டுவந்துவிட்டன.

பதில்: திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

இவ்வளவு பேச்சில் லீட்ஸ் பெயரும் நியூகாசில் பெயரும் வரவில்லை. நியூகாசில் 2025இல் லீக் கோப்பையை வென்றபோது, 1955க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் உள்நாட்டுக் கோப்பை அது. ஆனால் நகரத்துக்கு ஒரே கிளப் என்பதால் 52,000 பேர் அமரும் அரங்கு வறண்ட ஆண்டுகளிலும் பெரும்பாலும் நிறைந்தே இருந்தது. லீட்ஸ் மூன்று லீக் பட்டங்களை வென்றது, பிரீமியர் லீக் தோன்றுவதற்கு முந்தைய கடைசிப் பட்டமும் அதில் அடக்கம். பிறகு 2004 முதல் 2020 வரை முதல்நிலைக்கு வெளியே இருந்தும் தன் மக்களை இழக்கவில்லை. அளவு வரிசையில் இவ்விரண்டையும் சண்டர்லாந்தோடு சேர்த்து, எவர்ட்டனுக்கும் வில்லாவுக்கும் பக்கத்திலேயே எழுதும்படி மாணவர்களிடம் கூறுங்கள், ஆசிரியரே. சாதனை வரிசையில் 1924 முதல் தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்ற ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அந்தப் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.