சர்க்கரை தாழும்போது பிட்யூட்டரியை எழுப்புவது செரோடோனினா?

நீலமலை:
இன்சுலினால் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தினால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் பீறிட்டு எழும் என்று 1963-இல் ரோத், கிளிக், யாலோ, பெர்சன் ஆகியோர் காட்டினார்கள். மூளையில் அந்தக் கட்டளையைப் பிறப்பிப்பது, நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின் என்பதே என் வாதம். 1973-இல் பிவென்ஸ், லெபோவிட்ஸ், ஃபெல்ட்மன் மூவரும் சைப்ரோஹெப்டடின், மெத்திசெர்ஜைட் என்ற இரண்டு செரோடோனின் தடுப்பான்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை தாழ்ந்தும் வளர்ச்சி ஹார்மோன் வழக்கமான அளவுக்கு எழும்பவில்லை. அடுத்த ஆண்டு சைப்ரோஹெப்டடின், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலையும் அடக்கியது தெரியவந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கரிசல்காடு:
நிறையவே வேண்டும். சைப்ரோஹெப்டடின் ஹிஸ்டமினையும் அசிட்டைல்கோலினையும் சேர்த்தே தடுக்கிற மருந்து. அதைக் கொடுத்துவிட்டுப் பலனை மட்டும் செரோடோனின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. 1968-இல் பிளாக்கார்டும் ஹைடிங்ஸ்ஃபெல்டரும் நார்அட்ரீனலின் என்ற நரம்பு வேதிப்பொருளின் செய்தியைச் செல்கள் வாங்கும் ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் ஃபென்டோலமினைக் கொடுத்தபோதும் வளர்ச்சி ஹார்மோன் தணிந்தது. பீட்டா ஏற்பியை அடைக்கும் புரொப்ரனலால் கொடுத்தபோது கூடியது. உங்கள் வழியில் போனால் நார்அட்ரீனலினுக்குத்தான் முதல் மரியாதை. மதகை மூடினால் வயலுக்கு நீர் நின்றுவிடும். அதனால் மதகே ஊற்று என்று யாரும் சொல்வதில்லை.

நீலமலை:
மெத்திசெர்ஜைடை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? அது ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கப்பட்டுவந்த மருந்து, வேதியமைப்பில் முற்றிலும் வேறு குடும்பம். இரண்டுக்கும் பொதுவானது செரோடோனின் தடுப்புதானே?

கரிசல்காடு:
மெத்திசெர்ஜைட் எர்காட் என்ற பூஞ்சைப் பொருளின் வழி வந்தது. உடலில் அது மாறி உருவாகும் பொருள் சில செரோடோனின் ஏற்பிகளைத் தூண்டவும் செய்கிறது. தடுப்பான் என்ற ஒற்றைப் பெயரால் அதை அளக்க முடியாது. இன்னொன்று: ஒரே ஊசியாக இன்சுலினைப் போடும் சோதனையில் சர்க்கரை ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஆழத்துக்கு இறங்கும். தூண்டுதலின் அளவே சமமில்லாதபோது எதிர்வினையை எப்படி ஒப்பிடுவது?

வைகறை:
நான் குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் செவிலி. நம் ஊரில் பசி எடுப்பதற்காகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் இருப்பது இதே சைப்ரோஹெப்டடின். உயரக் குறைவுக்காக இன்சுலின் சோதனைக்கு வரும் குழந்தை அதைக் குடித்துக்கொண்டிருந்தால் முடிவு தவறாகத் தாழ்ந்து காட்டக்கூடும். காரணம் செரோடோனினோ வேறொன்றோ, சிரப்பைப் பற்றிப் பெற்றோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டானிக்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

கரிசல்காடு:
வைகறை சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நீலமலை, அதே மருந்தின் பிற்கால வரலாற்றையும் பாருங்கள். 1975-இல் டோரத்தி கிரீகர் குழுவினர் அதைக் கொண்டு, கார்ட்டிசால் மிகுந்துபோகும் குஷிங் நோய் தணிந்ததாக அறிவித்தார்கள். பிறகு பெரும்பாலான நோயாளிகளிடம் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆய்வகத்தில் பிட்யூட்டரி செல்களின் மீது நேரடியாக இட்டாலும் அந்த மருந்து ஹார்மோன் சுரப்பைக் குறைக்கிறது. அங்கே மூளையும் இல்லை, மூளையின் செரோடோனினும் இல்லை.

நீலமலை:
தடுப்பான்களை ஒதுக்கிவிட்டு மறுபக்கத்திலிருந்து வருகிறேன். 2008-இல் டேவிஸ் குழுவினர் ஃப்ளுவாக்செட்டினைச் சில வாரங்கள் கொடுத்துவிட்டுச் சர்க்கரையைத் தாழ்த்தினார்கள். அது செரோடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்து. அதுவும் சர்க்கரையை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் முறையில். நீங்கள் கேட்ட சமமான தூண்டுதல் இதோ. அட்ரீனலின் எதிர்வினை கூடியது, முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும்.

கரிசல்காடு:
நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அட்ரீனலின் பிட்யூட்டரியில் சுரப்பதில்லையே! அது பரிவு நரம்புகள் அட்ரீனலுக்குக் கொடுக்கும் கட்டளை. நம் கேள்வி பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனையும், கார்ட்டிசாலைச் சுரக்கவைக்கும் ஏசிடிஎச்சையும் பற்றியது.

நீலமலை:
இரண்டு கட்டளைகளும் பிட்யூட்டரியை இயக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸைத் தொட்டுத்தான் போகின்றன. மூளைத்தண்டின் ரேஃபே உட்கருக்களிலிருந்து செரோடோனின் இழைகள் அங்கே வந்து சேர்கின்றன. ஏசிடிஎச்சைத் தூண்டும் சிஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கும் நியூரான்களைச் செரோடோனின் தூண்டுவதும் விலங்குகளில் நிறுவப்பட்டதுதான். ஊற்று என்ற சொல்லை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன். மதகு என்பதை விடமாட்டேன்.

கரிசல்காடு:
மதகுகளில் ஒன்று என்று எழுதுங்கள், கையெழுத்திடுகிறேன். அதுதான் மதகு என்றால், ஒரே ஏற்பியை மட்டும் தடுக்கும் மருந்தோடு, சர்க்கரையை ஒரே அளவில் நிறுத்தி, இரண்டு ஹார்மோன்களையும் ஒரே ஆட்களிடம் அளந்த ஆய்வைக் கொண்டுவாருங்கள்.