கணக்கைப் பூட்டி வைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு 14 வயது. இன்ஸ்டாகிராம் கணக்கை, தான் அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைத்திருப்பதால் தனக்கு எந்த ஆபத்தும் வராது என்கிறாள். ஆனால் சென்ற வாரம் அவள் பதிவிட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் பெயர், பள்ளி, வகுப்பு மூன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தன. அவளைப் பின்தொடரும் முந்நூறு பேரில் பாதிப் பேரை அவள் நேரில் கண்டதே இல்லை. போனைப் பிடுங்கி வைக்க எனக்கு மனமில்லை. அவளே ஏற்க வேண்டிய பொறுப்பு எது, நாங்கள் செய்ய வேண்டியது எது?

மறுமொழி 1:
முதலில், கணக்குத் தொடங்கும்போது எந்தப் பிறந்த ஆண்டைக் கொடுத்தாள் என்று கேளுங்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கான பாதுகாப்புகளை இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது; அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாதபடி அது தடுக்கிறது. ஆனால் வயதைக் கூட்டிச் சொன்ன பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். பின்தொடர்வோர் பட்டியலை அவளே ஒவ்வொரு பெயராகப் பார்த்து நீக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பூட்டிய கணக்காயினும் உள்ளே இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் பூட்டுக்குப் பொருளில்லை.

மறுமொழி 2:
என் தம்பிக்கு 16 வயதில் நேர்ந்ததைச் சொல்கிறேன். பெண் பெயரில் பழகிய ஒருவர் அந்தரங்கப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரத்திற்குள் பணம் கேட்டு மிரட்டினார். தம்பி பணம் அனுப்பினான். உடனே மேலும் கேட்டார்கள். பயத்தில் உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டதால், புகார் கொடுக்கப் போனபோது காட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பணம் தரக்கூடாது, எதையும் அழிக்கக்கூடாது, கணக்குப் பெயரும் தேதியும் தெரியும்படி உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே மிரட்டுபவரின் கணக்கைத் தடை (பிளாக்) செய்ய வேண்டும். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை எங்கும் அனுப்பாமல், கைரேகை போல அந்தப் படத்தைக் கண்டறிய உதவும் எண்வடிவ அடையாளத்தை மட்டும் நம் கருவியிலேயே உருவாக்கி, இதில் பங்கேற்கும் தளங்களுக்குத் தருகிறது.
அப்பா திட்டுவார் என்று அஞ்சி அவன் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று நாள்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல் என்று இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3:
அவள் பாதிக்கப்படுவதைப் பற்றியே பேசுகிறோம். அவள் கையிலும் ஒரு ‘ஃபார்வர்டு’ பொத்தான் இருக்கிறது. வகுப்புத் தோழியின் படம் குழுவில் வரும்போது, சிரிப்புக் குறியிட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் பிள்ளை, அந்தத் தோழிக்கு நேரும் அவமானத்தில் பங்கேற்கிறாள். சிறார்களின் ஆபாசப் படங்களை அனுப்புவது, அனுப்புபவரும் சிறாராக இருந்தாலும், பல நாடுகளில் குற்றம். பொறுப்பு என்று நீங்கள் கேட்டதில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்றிரவு சேர்ந்து பார்த்தோம். பிறந்த ஆண்டில் நான்கு வயதைக் கூட்டித்தான் கொடுத்திருக்கிறாள். அடையாள அட்டைப் படத்தை நான் சொல்லாமலேயே நீக்கினாள். பட்டியலில் அறுபது பெயர்கள் போயிருக்கின்றன, மீதியை இன்று பார்க்கப் போகிறோம்.